சீமாட்டிக்குப் பத்தியம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் சீமாட்டியும் சுகம் என்று பதில் வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

பஸ் கிளம்பும் அவசரத்தில் பாதி சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டேன். இதைத் தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டிவை. சீமாட்டிக்கு வந்திருப்பது குளம்பு வீக்கம். குளம்புக்குள் இருக்கும் சதை வீங்குகிறது, வெளியே ஓடு இருப்பதால் வீங்க இடமில்லை. இறுக்கமான செருப்புக்குள் காலை மாட்டிக்கொண்டு இராப்பகலாய் நிற்கிற மாதிரி. இடது முன்னங்கால்தான் ரொம்ப மோசம். உடம்பில் இனிப்பு ஏறினால் வீக்கம் ஏறும். பசும்புல்லிலும் இனிப்பு உண்டு, காய்ந்த புல்லிலும் உண்டு. அதனால் காய்ந்த புல்லைத் தராசில் நிறுத்து வலைப்பையில் போட்டு, வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டிக் கொடு. இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. கொள்ளு, ரொட்டி, பழம் எதுவும் கூடாது. அவள் பார்க்கிற பார்வையில் உன் மனசு கரையும். கரையக் கூடாது. குளம்பு நோகாமல் இருக்க, தரையில் மணல் கனமாக இருக்கட்டும்.

அத்தான் போன பிறகு அந்தப் பின்பக்கக் கொட்டகை சும்மாதானே கிடந்தது என்று தைரியமாக அவளை உன் தலையில் கட்டிவிட்டேன். இங்கே கூட்டி வரக் கேட்டேன். "பந்தயக் குதிரை நிக்கிற லாயத்துல நொண்டிக் குதிரைக்கு என்னய்யா வேலை?" என்றார் முதலாளி. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மின்விசிறி. லாடம் அடிக்கிற எனக்குத்தான் இல்லை.

உன் தம்பி

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே பெண்கள் இருவரும் சௌக்கியம். ஒருத்தி நாலு காலில் நிற்கிறாள், இன்னொருத்தி இரண்டு காலில் மெஷின் மிதிக்கிறாள்.

நீ எழுதியபடியே நிறுக்கிறேன், ஊறவைக்கிறேன், வடிகட்டுகிறேன். என் கையில் ஏறிய வாசனை துணியிலும் ஏறிவிட்டது. பள்ளிச் சீருடை வாங்க வந்தவர் மோந்து பார்த்து, "என்னம்மா, புல்லு வாசனை அடிக்குது?" என்றார். "புதுத்துணி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நேற்றுக் கொட்டகைக் கொடியில் காயப்போட்டிருந்த வக்கீல் அங்கியில் ஒரு கையைச் சீமாட்டி தின்றுவிட்டாள். அங்கியில் இனிப்பு உண்டா என்று எழுது. வக்கீலுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ என் தலையில் எதையும் கட்டவில்லை. வீட்டுக்குள் இன்னொரு மூச்சு கேட்பது எனக்கும் பிடித்திருக்கிறது.

சரி, உன் கதைக்கு வா. பஸ் ஏறும்போது வலது காலை ஊன்றாமல் ஏறினாய். புது பூட்ஸ் கடித்துவிட்டது என்றாய். கொப்புளம் ஆறியதா? சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்குமே, வாங்கினாயா? உன் குதிரைக்கும் சர்க்கரை, உனக்கும் சர்க்கரை. அவளுக்கு நான் இருக்கிறேன். உனக்கு அங்கே யார் புல் ஊறவைக்கிறார்கள்?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிரித்தேன், பிறகு பயந்தேன். அங்கியில் இனிப்பு இல்லை, ஆனால் துணி குடலில் சிக்கும். சாணி ஒழுங்காக விழுகிறதா என்று பார். கொடியை உடனே மாற்று.

இன்னொன்று சொல்ல மறந்தேன். தினமும் காலையில் குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கத்தில் விரலை வைத்துப் பார். நாடி லேசாகத் தட்டினால் நல்லது. சம்மட்டி மாதிரி அடித்தால் வீக்கம் ஏறுகிறது என்று அர்த்தம். குளம்பைத் தொட்டால் சூடு தெரிகிறதா என்றும் பார். முன்னங்காலை நீட்டி, பின்னால் சாய்ந்து நின்றால் காத்திருக்காதே, டாக்டரைக் கூப்பிடு.

கொழுப்பு ஏறியிருந்த அவள் கழுத்து மேடு கெட்டியாகவே இருக்கிறதா, மெத்தென்று ஆகியிருக்கிறதா? உடம்பு இளைத்திருக்கிறதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள்? படுத்தால் தானாக எழுகிறாளா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. உன் வழக்கப்படி கதை எழுதாதே.

இங்கே வேலை அதிகம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. சீமாட்டி உயிரோடு இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் எழுந்திருக்கவே இல்லை. எழுப்பினால் முன்னங்காலை நீட்டி, நீ எழுதிய மாதிரியே பின்னால் சாய்ந்தாள். நாடி என் விரலை உதைத்தது. மாடு, ஆடு, நாய் எல்லாம் பார்க்கிற டாக்டரம்மாவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவர் தராசைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். அப்புறம் மூலையில் இருந்த வாளியைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். புல் ஊறிய தண்ணீர், வீணாக்காமல் அவளுக்கே குடிக்க வைத்துவிடுவேன், விரும்பிக் குடிப்பாள் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊறவைக்கிறதே அந்த இனிப்பை எடுக்கத்தாம்மா. எடுத்ததை வாளியோட குடிக்கக் குடுத்திருக்கீங்க."

தண்ணீரைக் கொட்டு என்று நீ எழுதவில்லை. எழுதவில்லை என்பதற்காக என் புத்தி எங்கே போயிற்று? துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப் போடாத கை இது, வாளித் தண்ணீரையா கொட்டும்! ஒன்றரை மாதம் என் கையாலேயே ஊற்றியிருக்கிறேன். நீ என்ன திட்டினாலும் தகும்.

ஊசி மருந்து போட்டிருக்கிறார். நான் கொட்டகையிலேயே படுக்கிறேன்.

உன் கால் என்ன ஆயிற்று? போன கடிதத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதிலைக் காணோம்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

கடிதம் இன்றுதான் வந்தது, உடனே எழுதுகிறேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தண்ணீரைக் கொட்டு என்று எழுதாதது என் பிழை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி உடைத்து, வாளித் தண்ணீரில் போட்டு, குளம்பு முழுகும்படி காலை நிறுத்து. வீக்கத்துக்கு ஐஸ் மாதிரி மருந்தில்லை. மெத்தை தைக்கிற கெட்டி ஸ்பஞ்ச் உன்னிடம் இருக்குமே, அதைக் குளம்பு அளவுக்கு வெட்டி அடியில் வைத்துக் கட்டு. ஐஸைப் பார்த்துப் பயப்படாதே. நானே இரண்டு வாரமாகச் சாயங்காலம் ஐஸ் வாளியில்தான் காலை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். சுகமாக இருக்கிறது, ஒன்றுமே தெரிவதில்லை. நீ கேட்டாயே என்று சொல்கிறேன், கொப்புளம் காய்த்துப்போயிற்று. குளம்பு சீவுகிற கத்தியால் நானே சுத்தமாகச் சீவிவிட்டேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. இத்தனை வருஷம் பழகிய கையாயிற்றே!

சீமாட்டி நின்றாளா, ஒரு வரி எழுதிப் போடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கே எந்தக் குதிரை இருமினாலும் அவள் ஞாபகம்தான் வருகிறது.

தம்பி

மார்ச் 19

தம்பி,

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன், ஐஸ் பற்றிச் சரிதானா என்று கேட்க. சீமாட்டிக்குச் சரி என்றார். மேலே படித்தவர், உன் காலைப் பற்றிய வரியில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"நான் மாட்டு டாக்டர், மனுஷனுக்கு வைத்தியம் சொல்லக் கூடாது. ஆனா இதுக்குப் பெரிய டாக்டர் வேண்டாம். கத்தி பட்டும் வலிக்கலைன்னா கை நல்ல கைன்னு அர்த்தம் இல்லம்மா, கால் செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

நீ என்ன குதிரையா? உன் பாதத்தில் என்ன ஓடா இருக்கிறது, சீவித் தள்ள? குதிரைக்கு ஒரு வேளை புல் கூடினால் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், நீ மாத்திரை வாங்கினாயா என்று ஒரு வரி எழுதமாட்டாய். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். பழமொழி சொன்னவர் உன்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இனி ஒரு ஒப்பந்தம். ஆஸ்பத்திரியில் காலைக் காட்டிவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. அதுவரை சீமாட்டியைப் பற்றி என்னிடமிருந்து ஒரு எழுத்து வராது. நின்றாளா, விழுந்தாளா, தின்றாளா, ஒன்றும் எழுதமாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 4

அக்கா,

இது நியாயமில்லை. உன் கோபத்தை வாயில்லாத ஜீவன் பேரில் காட்டலாமா? நான் நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், போதுமா?

சீமாட்டி நிற்கிறாளா இல்லையா? எக்ஸ்ரே எடுத்தார்களா? குளம்புக்குள் எலும்பு திரும்பிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஆகியிருந்தால் அவளை வதைக்காமல் ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல். நான் சம்மதம் என்று டாக்டரம்மாவிடம் சொல். ஆனால் முதலில் எனக்கு எழுது.

தம்பி

ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் நலம், நலம், நலம்.

இங்கே நல்ல வெயில். வாசல் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. மெஷின் பட்டை அறுந்து புதுசு மாட்டினேன். வக்கீல் வந்தார். கையில்லாத அங்கியைப் பார்த்து, "கட்சிக்காரர் பிடிச்சி இழுத்ததுன்னு சொல்லிக்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். எதிர்வீட்டுக்காரி புதுக் கதவு போட்டிருக்கிறாள், மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. பள்ளி திறக்கப் போவதால் சீருடை குவிகிறது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. டாக்டர் உன் காலைப் பார்த்து என்ன சொன்னார்?

அன்புடன்,
அக்கா

மே 8

தம்பி,

பிடிவாதத்தை நான் விட்டேன். நீ ஜெயித்தாய் என்றே வைத்துக்கொள். சீமாட்டி உயிரோடு இருக்கிறாள், நிற்கிறாள். தபால்காரர் என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். துணியில் கோடு போட்டால் கை நேராகப் போகவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன்.

நலம் என்று பொய்யாவது எழுது.

அக்கா

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் லாயத்தில் மயங்கி விழுந்தேன். குதிரையின் காலைத் தொடைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு குனிந்தவன், நிமிரவில்லை. அந்தக் குதிரை என்னை மிதிக்காமல் அப்படியே நின்றதாம். லாயத்துச் சமையல்காரர்தான் என் பூட்ஸைக் கழற்றினார். கழற்றியவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். இங்கே வந்த அன்றே காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

உன் மே மாதக் கடிதம் லாயத்துக்குப் போய்ச் சுற்றி வந்து நேற்றுத்தான் கிடைத்தது. அதற்கு முன்பே எழுதியிருக்கலாம். காகிதம் இருந்தது, பேனா இருந்தது. எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதவில்லை.

இப்போது விஷம் மேலே ஏறுகிறதாம். முன்பாதத்தை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்கால் வரை போகும், அதற்கும் மேலே போனால் ஆளே இல்லை என்கிறார் டாக்டர். கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போடவில்லை.

நீ திட்டுவாய். அதற்குமுன் ஒன்றைக் கேள். குதிரை காலை ஒடித்துக்கொண்டால் முதலாளிகள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் காலைத் தொட்டுப் பார்த்து, "இது ஆகாதுங்க" என்பேன். அவ்வளவுதான், ஊசி போடுவார்கள். எத்தனை குதிரைக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்! ஒன்றுக்குக்கூட மனசு அடித்துக்கொண்டதில்லை. நிற்க முடியாத குதிரைக்கு உலகத்தில் இடமில்லை என்பதுதான் எங்கள் தொழில். சீமாட்டிக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை, அதனால்தான் உன்னிடம் விட்டேன். குனிந்து காலைப் பிடிக்க முடியாத லாடக்காரனை என்ன செய்வார்கள், அக்கா? என் காலை நானே தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒப்பந்தப்படி எழுதிவிட்டேன். இப்போது சொல். அவள் எப்படி இருக்கிறாள்?

தம்பி

மே 29

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். சீமாட்டி என் முதுகில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தால், மடியில் இருந்த பட்டாணிப் பொட்டலத்தைத் தேடியிருக்கிறாள்.

ஒப்பந்தப்படி நானும் எழுதுகிறேன். ஐஸ் போட்டும் வீக்கம் முழுதாக இறங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். நீ பயந்ததுதான் நடந்தது. இடது முன்னங்காலில் எலும்பு திரும்பிவிட்டது. இனிமேல் ஓடமாட்டாள், யாரும் ஏற முடியாது, கடைசிவரை நொண்டுவாள். டாக்டரம்மா கேட்டார்: "ஊசி போட்டுடலாமா? உங்க தம்பி சம்மதம்னு எழுதியிருக்காரே." உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன். வேண்டாம் என்றேன். "வலி?" என்றார். "வலிக்கு மருந்து கொடுங்க, ஸ்பஞ்ச் நான் தைக்கிறேன். சாகணும்னு அவளுக்குத் தோணினா அவளே சாப்பாட்டை விடட்டும்" என்றேன்.

விடவில்லை. காலையில் புல் தாமதமானால் வாளியை உதைத்து உருட்டுகிறாள். உருட்டுவதற்கும் அந்த நொண்டிக் கால்தான். வாசல்வரை நொண்டிப்போய்த் தெருவை வேடிக்கை பார்த்துவிட்டு, நொண்டி வருகிறாள். நாய் வந்தால் காதை மடக்குகிறாள். என்ன உபயோகம் என்று என்னை யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அவள் வேண்டும், அதுதான் உபயோகம்.

நீ நிறைய குதிரைக்குத் தீர்ப்புச் சொன்னவன். இருக்கட்டும். என் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்து "ஆகாது" என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நீ லாடம் அடிக்கிறாய் என்பதற்காகவா நான் உன்னைத் தம்பியாக வைத்திருந்தேன்? நீ குனிய வேண்டாம், நிமிர வேண்டாம். கட்டிலில் படுத்தபடி ஒன்றுக்கும் உதவாமல் என்னை அதிகாரம் பண்ணிக்கொண்டு கிட. எனக்கு அது போதும். கையெழுத்துப் போடு.

டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து புல் வைக்கிறேன் என்றார். தண்ணீரைக் கொட்டச் சொல்லி அவருக்கே பாடம் நடத்திவிட்டேன். கடையைப் பூட்டிவிட்டு, இந்தக் கடிதம் போன மறுவாரம் கிளம்புகிறேன். மூன்று பஸ் மாற வேண்டுமாமே.

உன் அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் உன் கடிதம் வந்தது. நர்ஸிடம் பேனா கேட்டேன். கடிதம் எழுதத்தான் என்று நினைத்துக் கொடுத்தார். முதலில் அவர்கள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், மிச்ச மையில் இதை எழுதுகிறேன். நாளைக் காலையில் எடுக்கிறார்கள்.

நீ இந்நேரம் கிளம்பியிருப்பாய். பூட்டின வீட்டுக்குத்தான் எழுதுகிறேன், தெரியும். உன் முகத்தைப் பார்த்து எனக்கு இதைச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது, அக்கா. கால் போவதற்குக்கூட அவ்வளவு பயமில்லை. கண் விழிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் இருந்துவிடுமோ என்றுதான் பயம்.

நீ வந்து நின்றதும் நான் கத்துவேன். "வேலையப் போட்டுட்டு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே? நான் என்ன செத்தா போயிட்டேன்? அடுத்த பஸ்ஸுலயே கிளம்பு" என்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியாதா?

அப்போது இந்தக் கடிதம் உன் கையில் இருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். போய்விடாதே.

உன் தம்பி